‘ஃபார்மேட் டேட்டா’வை மட்டும் தொடாதீர்கள்

கேள்வி: அண்ணே, நான் குறும்பனையைச் சேர்ந்தவன், ஐடிஐ முடித்திருக்கிறேன். என்னிடம் 2017 இல் வாங்கிய ரெட்மி நோட் 4 இருக்கிறது. ஆண்ட்ராய்டு 7 தான், ரொம்ப மெதுவாகிவிட்டது. ரூட் செய்து (போனின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுத்து) புது ரோம் (போனை இயக்கும் மென்பொருள்) போட்டால் அப்பா வள்ளத்தில் மேப் பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பூட்லோடரை (போனை முதலில் எழுப்பும், கம்பெனி பூட்டி வைத்திருக்கும் புரோகிராம்) அத்தை மகன் 2019 லேயே திறந்து வைத்திருந்தான். டிடபிள்யூஆர்பி ரெக்கவரி (பழுது பார்க்கும் தனி மெனு) போட்டேன், வேலை செய்தது. பிறகு டெலிகிராம் குரூப் ஒன்றில் கிடைத்த, மேஜிஸ்க் (ரூட் செய்யும் கருவி) சேர்த்த பூட் இமேஜை ஃபிளாஷ் செய்தேன், அதாவது போனில் எழுதினேன். அதிலிருந்து எம்ஐ லோகோவிலேயே நிற்கிறது. முழு ரோமைப் போடப் பார்த்தால் எரர் 7 வருகிறது. டிடபிள்யூஆர்பி பாஸ்வேர்டு கேட்டது, கேன்சல் கொடுத்தேன். இன்டர்னல் ஸ்டோரேஜ் 0 எம்பி என்று காட்டுகிறது. லேப்டாப்பில் சில நேரம் போன் தெரிகிறது, சில நேரம் தெரிவதில்லை. கடையில் காட்டினேன். ஃபார்மேட் டேட்டா கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஒரு வீடியோவில் ஸ்கிரிப்டில் இருக்கும் அசர்ட் வரியை அழித்துவிட்டுப் போடச் சொல்கிறார்கள். எதைச் செய்ய? போனுக்குள் எங்கள் பாட்டா கணியம் சொல்லிக்கொடுத்ததைப் பதிவு செய்த 14 ஆடியோ இருக்கிறது. பாட்டா போன வருடம் தவறிவிட்டார். வேறெங்கும் காப்பி இல்லை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாட்டாவின் 14 பதிவும் அந்தப் போனுக்குள் இன்னும் இருக்கிறது என்றே நம்புகிறேன். நீங்கள் சொன்ன வேலைகளில் எதுவும் அதை அழித்திருக்காது. ஆனால் கடைக்காரர் சொன்னதைச் செய்தால் அது போய்விடும், அப்புறம் யாராலும் மீட்டுத் தர முடியாது. அதனால் இந்தப் பதிலை முழுசாக வாசித்து முடிக்கும்வரை போனை அணைத்து வையுங்கள்.

கடற்கரைப் பக்கம் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கடலில் நின்றுகொண்டு, கரையில் தெரியும் மலை முனை, கோயில் கோபுரம் போன்ற அடையாளங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, கடலடியில் பார் என்னும் பாறைத்திட்டு எங்கே கிடக்கிறது என்று இடம் பிடிக்கிற அறிவுதான் கணியம். எழுதிவைத்துப் படித்ததில்லை, வாய்வழியாக வந்தது. அதை ஒரு பெரியவர் தன் குரலிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போன் சரியாகாவிட்டால் இன்னொரு போன் வாங்கலாம். ஆகவே பதிவை வெளியே எடுப்பது முதல் வேலை, போனைச் சரியாக்குவது அதற்கப்புறம். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தக்கலையில் கடை போட்ட புதிதில் முட்டத்திலிருந்து ஒரு அம்மா லோகோவில் நின்ற போனைக் கொண்டுவந்தார். சரியாக்கித் தாருங்கள் என்றார். ரெக்கவரிக்குப் போய் வைப் டேட்டா கொடுத்தேன், இரண்டே நிமிடத்தில் போன் எழும்பியது. காசு வாங்கிப் பெட்டியில் போட்டபோது அவர் கேலரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் முதல் பிறந்தநாள் வீடியோ அதில்தான் இருந்ததாம். அவர் சத்தம் போடவில்லை, திரும்பத் திரும்பக் கேலரியை மேலே கீழே தள்ளிப் பார்த்தார். அன்றிலிருந்து போனைக் கையில் வாங்கியதும் ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்று கேட்காமல் ஒரு பட்டனையும் தொடுவதில்லை.

சரி, உங்கள் போனுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். போனின் மெமரி பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பூட் என்ற சின்னப் பகுதியில் கெர்னல் இருக்கும், போன் எழும்பத் தேவையானது அது. ரெக்கவரி தனி. அங்கேதான் நீங்கள் டிடபிள்யூஆர்பி போட்டீர்கள். சிஸ்டம் என்ற பகுதியில் ஆண்ட்ராய்டும், அதன்மேல் கம்பெனி சேர்த்திருக்கும் மியூஐயும் இருக்கும். யூசர்டேட்டா என்பதில் உங்கள் படம், ஆடியோ, ஆப் எல்லாம் இருக்கும். நீங்கள் கெடுத்தது பூட் பகுதியை மட்டும்தான். மேஜிஸ்க் சேர்த்த பூட் இமேஜ், போனில் இருக்கும் அதே மியூஐ பதிப்பிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். வேறொரு பதிப்பிலிருந்து யாரோ எடுத்து மேஜிஸ்க் சேர்த்து டெலிகிராமில் போட்டதை நீங்கள் போனில் எழுதியிருக்கிறீர்கள். கெர்னல் ஒரு பதிப்பு, சிஸ்டம் இன்னொரு பதிப்பு. லோகோவைத் தாண்டாது. சில போன்கள் எழும்பிவிடும், ஆனால் வைஃபை வராது, சத்தம் வராது. காரணம் இதேதான்.

அடுத்தது எரர் 7. அது வந்தது உங்கள் அதிர்ஷ்டம் தம்பி. ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் இரண்டு போன் உண்டு. 2016 ஆகஸ்டில் சீனாவில் வந்தது மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 சிப் கொண்டது, அதன் உள்பெயர் நிக்கல். 2017 ஜனவரியில் இந்தியாவில் வந்தது குவால்காம் ஸ்னாப்டிராகன் 625 கொண்டது, அதன் உள்பெயர் மிடோ. நீங்கள் இங்கே வாங்கியது மிடோ. ‘ரெட்மி நோட் 4 ரோம்’ என்று தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். உங்கள் திரையில் எரர் 7க்கு மேலே உள்ள வரியை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இந்த ஃபைல் நிக்கலுக்கானது, இந்தப் போன் மிடோ என்று அநேகமாக எழுதியிருக்கும். அந்த அசர்ட் வரி, எழுதத் தொடங்கும் முன்பே போனின் பெயரைக் கேட்டு, பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும். அது நிறுத்தியதால்தான் உங்கள் சிஸ்டம் இன்னும் சேதமில்லாமல் இருக்கிறது. அதை அழித்துவிட்டு மீடியாடெக்கின் ரோமைக் குவால்காம் போனில் எழுதினால் அது ஓடாது, இருந்த சிஸ்டமும் போகும்.

அசர்ட் வரியை அழிக்கச் சொல்லும் வீடியோக்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. போனின் மாடல் சரியாக இருந்தும் எரர் 7 வருவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. டிடபிள்யூஆர்பி பழையதாக இருந்தாலோ, மோடம் ஃபர்ம்வேர் ரோம் எதிர்பார்ப்பதைவிடப் பழையதாக இருந்தாலோ வரும். அப்போது அதைப் புதுப்பிக்க வேண்டும். கேள்வி கேட்கிறவனை வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடருவது சரியான வழி இல்லை.

இனி உங்களை மிகவும் பயமுறுத்திய 0 எம்பி. ஒன்றும் அழியவில்லை தம்பி. யூசர்டேட்டா முழுவதும் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டு கேட்டபோது நீங்கள் கேன்சல் கொடுத்ததால் டிடபிள்யூஆர்பியால் உள்ளே வாசிக்க முடியவில்லை, அதனால் 0 எம்பி என்று காட்டுகிறது. பூட்டின வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஆளில்லை என்று சொல்கிற மாதிரிதான்.

இந்த இடத்தில்தான் வைப், ஃபார்மேட் என்ற இரண்டு சொல்லையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். டிடபிள்யூஆர்பியில் வைப் பக்கத்தில் கீழே இழுத்து ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் ஆப்பும் செட்டிங்கும் போகும், ஆனால் இன்டர்னல் ஸ்டோரேஜில் உள்ள படமும் ஆடியோவும் நிற்கும். அதே பக்கத்தில் இருக்கும் ஃபார்மேட் டேட்டா வேறு. அது ‘யெஸ்’ என்று டைப் செய்யச் சொல்லும். கொடுத்தால் பகுதி முழுவதும் புதிதாக உருவாகும். என்கிரிப்ஷன் சாவி வைக்கப்பட்டிருக்கும் கடைசித் துண்டும் சேர்ந்து போய்விடும். சாவி போனபின் சிப்பில் பழைய பைட்டுகள் மிஞ்சியிருந்தாலும் பயனில்லை. சில இடங்களில் மெமரி சிப்பைக் கழற்றி டேட்டா எடுத்துத் தருவோம் என்பார்கள். இந்த மாதிரிப் போனில் அந்தச் சாவி பிராசசரோடும் பிணைக்கப்பட்டது, சிப்பை மட்டும் கழற்றி வாசித்தால் வெறும் குப்பைதான் வரும். இன்னொன்று, கம்பெனி ரெக்கவரியிலும் ‘வைப் டேட்டா’ என்று இருக்கும். பெயர்தான் வைப், செய்வது முழு அழிப்பு. நான் முட்டத்து அம்மாவின் போனில் அழுத்தியது அதைத்தான்.

அடுத்து கேபிள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் ஃபிளாஷ் பாதியில் நிற்கும் போன்களில் பெரும்பாலானவை கடலோரத்திலிருந்து வருகிறவை என்பது என் அனுபவம். குளச்சல், முட்டம், குறும்பனைப் பக்கமிருந்து வரும் போனின் சார்ஜிங் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். உப்புக்காற்றின் வேலை. மைக்ரோ யுஎஸ்பியில் 5 கால் உண்டு. ஓரத்தில் இருக்கும் முதலாவதும் ஐந்தாவதும் கரண்டுக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் டேட்டாவுக்கு. அந்த நடு இரண்டிலும் பச்சை ஏறிவிட்டால் சார்ஜ் நன்றாக ஏறும், லேப்டாப்பில் மட்டும் வந்து வந்து போகும். ‘சார்ஜ் ஏறுகிறதே, துளை சரியாகத்தானே இருக்கிறது’ என்று யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. உங்கள் போன் சில நேரம் தெரிந்து சில நேரம் மறைவதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

போனை அணைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துளையின் நாக்கை மெதுவாகத் துடையுங்கள். ஊசி வேண்டாம், தண்ணீர் கூடவே கூடாது. அரை மணி நேரம் காயட்டும். அப்படியும் ஆடினால் சார்ஜிங் போர்டையே மாற்றிவிடுங்கள். எங்கள் பேச்சில் சிசி போர்டு. இந்த மாடலில் அது கீழே தனித் துண்டாக இருக்கிறது, மெயின் போர்டில் சால்டரிங் தேவையில்லை. மாற்றினால் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. மாற்றுகிறவரிடம் ‘ரீசெட் எதுவும் செய்ய வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேபிளையும் மாற்றுங்கள். கடையில் 50 ரூபாய்க்குக் கிடைக்கும் சில கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. லேப்டாப்பில் நீல நிற யுஎஸ்பி 3 துளை வேண்டாம், கறுப்பு நிற யுஎஸ்பி 2 துளையில் போடுங்கள். பழைய போன்களின் ஃபாஸ்ட்பூட் (லேப்டாப்பிலிருந்து கட்டளை வாங்கும் நிலை) சில லேப்டாப்பின் யுஎஸ்பி 3 துளையில் பேச மறுக்கும். யுஎஸ்பி 2 துளை இல்லாவிட்டால் ஒரு சாதாரண ஹப் நடுவில் போட்டாலும் பல நேரம் சரியாகும். டெஸ்க்டாப் வேண்டாம், லேப்டாப்பே போதும். இப்போது மழைக்காலம், சாரல் அடித்தால் கரண்ட் போகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தால் பாதி எழுதிய பகுதியோடு போன் நிற்கும்.

எல்லாம் சரியானதும் போனை அணைத்துவிட்டு, சத்தம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். காதுமூடித் தொப்பி போட்ட முயல் ஒன்று ஆண்ட்ராய்டு பொம்மையை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கும் படம் வரும். அதுதான் ஃபாஸ்ட்பூட். அந்த முயல் வருகிறது என்றால் பூட்லோடர் உயிரோடு இருக்கிறது, போன் சாகவில்லை என்று அர்த்தம். லேப்டாப்பில் ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ என்ற கட்டளை கொடுங்கள். ஒரு நீண்ட எண் வரும். வெறுமையாக வந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அங்கே மஞ்சள் முக்கோணத்தோடு ஆண்ட்ராய்டு என்று நின்றால் டிரைவர் இல்லை, போட வேண்டும். அங்கேயும் ஒன்றுமே அசையாவிட்டால் மறுபடி துளையையும் கேபிளையும் சந்தேகப்படுங்கள். எண் வந்துவிட்டால், பூட்லோடர் இன்னும் திறந்துதான் இருக்கிறதா என்பதை ‘ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் டிவைஸ்-இன்ஃபோ’ கட்டளையால் உறுதி செய்துகொள்ளுங்கள். அன்லாக்ட் என்பதற்கு நேரே ட்ரூ என்று வர வேண்டும்.

இனி பாட்டாவின் பதிவுக்கு வருவோம். சத்தம் கூட்டும் பட்டனும் பவரும் சேர்த்து அழுத்தி டிடபிள்யூஆர்பிக்குப் போங்கள். பாஸ்வேர்டு கேட்கும்போது இந்தத் தடவை கேன்சல் கொடுக்காமல் உங்கள் ஸ்கிரீன் லாக்கையே கொடுங்கள். பேட்டர்ன் போட்டிருந்து, அங்கே புள்ளிகள் வராமல் கீபோர்டு மட்டும் வந்தால், ஒன்பது புள்ளிக்கும் மேலே இடமிருந்து வலமாக 1 முதல் 9 வரை எண் போட்டுப் பாருங்கள். ‘ட’ எழுத்துப் போலக் கீழே இறங்கி வலப்பக்கம் திரும்புகிற பேட்டர்ன் என்றால் 14789. உங்கள் பேட்டர்னுக்கு உரிய எண்ணை இதுபோலக் கண்டுபிடித்துக் கொடுங்கள். முன்பு வேறு பின் நம்பரோ பேட்டர்னோ வைத்திருந்தால் அதையும் கொடுத்துப் பாருங்கள்.

எதுவும் ஏற்கவில்லை என்றால் உடனே மனம் தளர வேண்டாம். டிடபிள்யூஆர்பியின் அந்தப் பதிப்பால் இந்த மியூஐயின் என்கிரிப்ஷனைத் திறக்க முடியாமல் இருக்கலாம், பாஸ்வேர்டு சரியாகவே இருக்கலாம். மிடோவுக்கான வேறு பதிப்பு ஒன்றை இறக்கி, ‘ஃபாஸ்ட்பூட் பூட்’ கட்டளையால் ஓட்டிப் பாருங்கள். ‘ஃபிளாஷ்’ என்று கொடுத்தால் போனில் எழுதிவிடும். ‘பூட்’ என்று கொடுத்தால் ரேமில் ஏற்றி ஒரு தடவை மட்டும் ஓட்டும், போனில் ஒன்றையும் மாற்றாது. சந்தேகமான எந்த இமேஜையும் முதலில் இப்படி ஓட்டிப் பார்ப்பதே நல்ல பழக்கம். உள்ளே போனதும் ‘மாற்றங்களை அனுமதிக்க இழுக்கவும்’ என்று கேட்டால் இழுக்காமல், ‘கீப் ரீட் ஒன்லி’யை மட்டும் தொடுங்கள்.

திறந்துவிட்டால் 0 எம்பி போய், உங்கள் ஜிபி கணக்கு வரும். அந்த எண்ணைப் பார்க்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. உடனே வேறெதுவும் செய்யாமல் லேப்டாப்பில் ‘ஏடிபி புல்’ கட்டளையால் எஸ்டிகார்டு ஃபோல்டர் முழுவதையும் இழுங்கள். மவுஸால் இழுத்துப் போடுவதைவிட இது நம்பகமானது, ஏதாவது ஃபைல் விட்டுப்போனால் சொல்லும். மியூஐயின் ரெக்கார்டரில் பதிந்திருந்தால் மியூஐ ஃபோல்டருக்குள் சவுண்ட் ரெக்கார்டர் என்ற ஃபோல்டரில் இருக்கும். வாட்சப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருந்தால் வாட்சப், மீடியா, வாய்ஸ் நோட்ஸ் என்று உள்ளே போங்கள். அங்கே 201832 போல எண்ணை மட்டும் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். முதல் நாலு எண் வருடம், அடுத்த இரண்டு அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது. பாட்டா எந்த மாதம் பேசினார் என்று தெரிந்தால் நேராக அங்கே போகலாம். 14 பதிவையும் லேப்டாப்பில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேளுங்கள். பாதி காப்பியான ஆடியோவும் பெயரோடு வந்து உட்கார்ந்திருக்கும், கேட்டால்தான் தெரியும். அப்புறம் பென்டிரைவ் ஒன்றிலும், கூகுள் டிரைவிலும், அப்பாவின் போனிலும் போட்டுவிடுங்கள்.

டிடபிள்யூஆர்பியால் எந்த வகையிலும் திறக்க முடியவில்லை என்றால் இரண்டாவது வழி இருக்கிறது, அதுவும் டேட்டாவைத் தொடாது. சரியான பூட் இமேஜைத் திருப்பிப் போட்டு மியூஐயையே எழுப்புவது. அதற்கு உங்கள் போனில் இருக்கும் மியூஐ பதிப்பு எண் துல்லியமாக வேண்டும். போன் எழும்பாமலே அதைத் தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் சிஸ்டம் பகுதி என்கிரிப்ட் ஆகியிருக்காது. டிடபிள்யூஆர்பியில் மவுன்ட் பக்கம் போய், ரீட் ஒன்லி டிக்கோடு சிஸ்டத்தை மவுன்ட் செய்து, பில்ட்.புராப் என்ற ஃபைலைத் திறந்து, வெர்ஷன்.இன்கிரிமென்டல் என்று முடியும் வரியைப் பாருங்கள். வி11 என்றோ வேறு எண்ணிலோ தொடங்கி, கடைசியில் ஒரு எழுத்துக்கூட்டத்தில் முடியும். அந்தக் கூட்டத்தின் முதல் எழுத்து ஆண்ட்ராய்டு பதிப்பு. எம் என்றால் மார்ஷ்மெல்லோ, என் என்றால் நூகட். ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள மிடோ ரோமை இறக்குங்கள். ஜிப்பைத் திறந்தால் மேலேயே பூட்.ஐஎம்ஜி இருக்கும். அதை மட்டும் வெளியே எடுத்து, முதலில் ‘ஃபாஸ்ட்பூட் பூட்’ கொடுத்து எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் ‘ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் பூட்’ கொடுத்து எழுதலாம். யூசர்டேட்டாவுக்கு இதில் வேலையே இல்லை.

இதிலும் லோகோவைத் தாண்டவில்லை என்றால், டிடபிள்யூஆர்பி முதல்முறை கேட்டபோது நீங்கள் மாற்றங்களை அனுமதித்து இழுத்திருக்க வேண்டும். சிஸ்டம் பகுதி ஒரு துளி மாறினாலும் ஒரிஜினல் கெர்னல் அதை ஏற்காது. டிஎம்-வெரிட்டி என்ற காவல் அது. அப்போது மேஜிஸ்க்கே உதவும். உங்கள் நண்பர் யாருடைய ஆண்ட்ராய்டு போனிலாவது மேஜிஸ்க் ஆப்பைப் போட்டு, இப்போது நீங்கள் எடுத்த அதே பூட்.ஐஎம்ஜியை அதில் கொடுத்துப் பேட்ச் செய்து வாங்குங்கள். அவர் போனை ரூட் செய்ய வேண்டியதில்லை, பேட்ச் வேலைக்கு மட்டும். டிஎம்-வெரிட்டியை அப்படியே வைக்கவா என்று ஆப் கேட்டால் டிக் எடுத்துவிடுங்கள். அந்த இமேஜ் வெரிட்டியைத் தளர்த்திவிட்டு எழும்பும். நீங்கள் முதல்முறை செய்ய நினைத்ததும் இதுதான், இமேஜ் மட்டும்தான் தவறான இடத்திலிருந்து வந்தது.

பதிவு பத்திரமானபின் போனை என்ன செய்யலாம்? இனி எதையும் துணிந்து செய்யலாம், ஃபார்மேட் டேட்டாவையும் சேர்த்து. ஆனால் ஒரு பேக்கப் பாக்கி இருக்கிறது. டிடபிள்யூஆர்பியில் பேக்கப் பக்கத்தில் இஎஃப்எஸ், பெர்சிஸ்ட் என்ற இரண்டையும் டிக் செய்து, எடுத்த பேக்கப்பை லேப்டாப்புக்கு மாற்றுங்கள். சில எம்பிதான் வரும். இஎஃப்எஸ்ஸில்தான் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ சம்பந்தப்பட்டது எல்லாம் இருக்கிறது. அது கெட்டால் ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அடிக்கும்போது எண் வராது, சிம் எடுக்காது. ஐஎம்இஐ போன போனுக்கு வேறு எண் எழுதித் தருகிறோம் என்று சொல்கிறவர்களிடம் போய்விடாதீர்கள். நம் நாட்டில் ஐஎம்இஐயை மாற்றுவது குற்றம், 2017 இல் இதற்கென்றே தனி விதி வந்தது. பெர்சிஸ்ட்டில் சென்சார்களின் அளவீடுகள் இருக்கும். அப்பாவுக்கு மேப் பார்க்கக் கொடுக்கப் போகிறீர்கள், திசைகாட்டி ஒழுங்காக வேலை செய்ய அது வேண்டும்.

கம்பெனி மியூஐயையே சுத்தமாகப் போடுவதென்றால் ஃபாஸ்ட்பூட் ரோம் என்ற டிஜிஇசட் ஃபைலை இறக்கி, எம்ஐ ஃபிளாஷ் என்ற லேப்டாப் புரோகிராம் மூலம் போடுங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் அது தடுமாறும். சி டிரைவில் நேராக ஒரு சின்னப் பெயரில் வையுங்கள். அந்த ஜன்னலின் அடியில் மூன்று பொத்தான் இருக்கும். எல்லாவற்றையும் அழி, டேட்டாவை வைத்துக்கொள், எல்லாவற்றையும் அழித்துப் பூட்டு. மூன்றாவது தானாகவே தேர்வாகியிருக்க வாய்ப்பு உண்டு. கவனிக்காமல் ஃபிளாஷ் கொடுத்தால் பூட்லோடர் மறுபடி பூட்டிக்கொள்ளும். பூட்டின போனில் அடுத்து ஒரு பிழை வந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. முதலாவதைத் தேர்வு செய்துவிட்டு இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி பாதிக்குமேல் இருக்கட்டும். முடிந்தபின் முதல் தடவை எழும்ப 10 நிமிடம்கூட ஆகும். லோகோவிலேயே நிற்கிறதே என்று பயந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

புது ஆண்ட்ராய்டு வேண்டும் என்றால் லீனியேஜ்ஓஎஸ் போன்ற கஸ்டம் ரோம் போடலாம். மிடோவுக்கு நிறைய வந்திருக்கிறது. கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் ரோம் போட்ட கையோடு, முதல்முறை எழும்பும் முன்பே அதையும் போட வேண்டும். ரோம் எழும்பியபின் போட்டால் ஆப்கள் ஒன்று மாற்றி ஒன்று நின்றுபோகும். இறக்கிய ஒவ்வொரு ஃபைலுக்கும் தளத்தில் கொடுத்திருக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊர் நெட்டில் பாதியில் அறுந்து இறங்கிய ஃபைலும் முழு ஃபைல் மாதிரியே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரூட் செய்வது வேறு, ரோம் மாற்றுவது வேறு. கஸ்டம் ரோம் போட ரூட் தேவையே இல்லை, திறந்த பூட்லோடரும் டிடபிள்யூஆர்பியும் போதும். அப்பா மேப் பார்க்கத்தான் போன் என்றால் ரூட் செய்யாதீர்கள் என்பதே என் ஆலோசனை. ரூட் செய்த போனில் பல வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் ஓட மறுக்கும். தெரியாத ஆப் ஒன்று உள்ளே வந்தால் போன் முழுவதும் அதன் கைக்குள் போய்விடும். உங்கள் போன் மெதுவானதற்கு ரூட் இல்லாததும் காரணம் இல்லை. பழைய பேட்டரியும், நிரம்பி வழியும் ஸ்டோரேஜும்தான் காரணமாக இருக்கும். பேட்டரி உப்பித் திரையைத் தள்ளுகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். தள்ளினால் ஃபிளாஷ் வேலைக்கு முன்பே அதை மாற்றிவிட வேண்டும்.

வள்ளத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றி: ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மும் டவரும் தேவையில்லை, அதனால் கரையில் வைத்தே ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொண்டால் கடலில் இடம் காட்டும். ஆனால் இது தண்ணீர் தாங்குகிற போன் இல்லை. அப்பா இப்போது வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவிக்குப் பதிலாக இதை நம்பி அவர் போகக்கூடாது. கூடுதலாக ஒன்று கையில் இருக்கட்டும் என்ற அளவில் மட்டும், தண்ணீர் புகாத கவரில் போட்டுக் கொடுங்கள்.

துளையைச் சுத்தம் செய்து, சிசி போர்டும் மாற்றியபின்னும் ஃபாஸ்ட்பூட்டில் எண் வரவில்லை என்றாலோ, இரண்டு வழியிலும் பதிவு வெளியே வரவில்லை என்றாலோ, மேற்கொண்டு எதையும் முயலாமல் போனை அணைத்து வைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். டிடபிள்யூஆர்பி பதிப்பு எண், பில்ட்.புராப்பில் கண்ட அந்த வரி, எரர் 7க்கு மேலே உள்ள வாசகம் மூன்றையும் படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். பேட்டர்னைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.